தொடங்கும் இடம்

கோடியக்கரைக் கடலில் படகு செலுத்தும் பூங்குழலி, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் தோன்றுகிறாள். அங்கிருந்தே படிக்கத் தொடங்குவோர், வந்தியத்தேவன் இலங்கை செல்ல முற்படும் காரணத்தை அறியார். எனவே, ஐந்து பாகங்களையும் வரிசையாகப் படித்தலே முறை.

கல்கியின் பல்லவர் காலப் புதினங்களிலோ இருவழிகள் உள்ளன. ‘பார்த்திபன் கனவு’ 1941இல் தொடராக வெளிவரத் தொடங்கியது. அதற்கு முந்தைய நிகழ்வுகளைக் கூறும் ‘சிவகாமியின் சபதம்’ 1944இல்தான் தொடங்கியது. நரசிம்மவர்மன் இரண்டிலும் இடம்பெறுகிறான். எழுதப்பட்ட வரிசையில் படிப்போர், அவனை முதலில் சோழரின் பகைவேந்தனாகக் காண்பர். அவனது இளமைக்காலத் துயரைப் பின்னரே உணர்வர். கதைக்கால வரிசையில் படிப்போர், அத்துயரை அறிந்தபின் அவன் பகைமையைக் காண்பர். ஒருவரைப் பற்றி எதை முதலில் அறிகிறோமோ, அதுவே நம் மதிப்பீட்டுக்கு அடித்தளமாகிறது.