கம்பெனி போர்டு மாட்டும் முன்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலை. பல வருடம் ரிங் ஃபிரேமில் ஃபிட்டராக இருந்தவர் வேலையை விட்டு, ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் மாற்றும் கான்ட்ராக்டைத் தானே எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பில் போடும் முன்பே அவர் காதில் விழும் நான்கு பேச்சுகள் இவை.

நம்பிக்கை: கம்பெனி பதிந்தால்தான் மில்லில் மதிப்பார்கள்.
உண்மை: தனி உரிமையாளராகச் சொந்த பான் எண்ணிலேயே பில் போடலாம். கான்ட்ராக்ட் பணத்தில் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ் தனிநபருக்கு 1 சதவீதம்தான். கம்பெனிக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் 2. கம்பெனி என்றால், ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் வருடந்தோறும் தணிக்கை உண்டு. கணக்குத் தாக்கல் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடிக்கொண்டே போகும்.

நம்பிக்கை: கம்பெனி என்றால் வீடு தப்பிக்கும்.
உண்மை: பாதிதான் சரி. தனி உரிமையாளரின் தொழில் கடன் அவர் வீடுவரை வரும். கம்பெனியிலும், பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனமான எல்எல்பியிலும் பொதுவாக வராது. ஆனால் வங்கிக் கடனுக்கு நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு செல்லாது. முதல் கடனிலேயே வங்கிகள் பெரும்பாலும் கேட்பதும் அந்தக் கையெழுத்தைத்தான்.

நம்பிக்கை: மச்சானோடுதானே தொழில், பத்திரம் எதற்கு?
உண்மை: 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நிறுவனத்தைப் பதிவது கட்டாயமில்லை. ஆனால் பதியாத நிறுவனம், பில் பணம் தராத மில் மீது ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. பங்கு எவ்வளவு என்று பேசி வைக்காவிட்டால் லாபமும் நஷ்டமும் சமம். நைட் ஷிஃப்ட் முழுக்க நீங்களே நின்றிருந்தாலும் சமம்தான். உறவு கெடாமலிருக்கவே பத்திரம் வேண்டும்.

நம்பிக்கை: ஜிஎஸ்டியும் உத்யமும் வாங்கினால் கம்பெனி ஆகிவிடும்.
உண்மை: இரண்டும் பதிவுகள், தொழிலின் அமைப்பை மாற்றாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி கட்டாயமில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்கு யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆனால் அவசியம் பதியுங்கள். பதிந்த சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம்.

தனியாகத் தொடங்குங்கள். பில் புத்தகம், தனி வங்கிக் கணக்கு, வேலைக்கு எழுத்தில் ஆர்டர்: இந்த மூன்றும் முதல் நாளிலேயே இருக்கட்டும். சம்பளத்துக்கு ஆட்களும் பெரிய கடனும் சேரும் நாளில் ஆடிட்டரிடம் உட்கார்ந்து கம்பெனியைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை கையிருப்பு கருவிகளுக்குப் போகட்டும்.