சோப்புக்கு எந்த எண்ணெய்?

எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. கொதிக்க வைக்காமல் வீட்டில் செய்யும் முறையில் அந்தக் கிளிசரின் கட்டியிலேயே தங்கிவிடும். நுரையும் கெட்டித்தன்மையும் தோலுக்குக் கிடைக்கும் இதமும் எண்ணெயைப் பொறுத்தே அமையும்.

தேங்காய் எண்ணெய்: இதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். கட்டி சீக்கிரம் இறுகும், நுரை பொங்கும், உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். ஆனால் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். வறண்ட சருமத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

ஆலிவ் எண்ணெய்: சிரியாவின் அலெப்போ, பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரச் சோப்புகளுக்கு இதுவே அடிப்படை. தோலுக்கு மிக மென்மை, நுரை குறைவு. நன்கு இறுகப் பல மாதம் பிடிக்கும், விலையும் அதிகம்.

நல்லெண்ணெய்: தோலுக்கு இதமானது. லினோலிக் அமிலம் மிகுதி என்பதால் சோப்பு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். 15 சதவீதம் போதும்.

விளக்கெண்ணெய்: 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் நுரை நிலைத்து நிற்கும். அதிகமானால் கட்டி பிசுபிசுக்கும்.

வேப்பெண்ணெய்: நெடி தூக்கலானது, சிறிதளவே சேர்க்கலாம்.

தனியாக எந்த எண்ணெயும் எல்லாக் குணமும் தராது, கலவையே சிறந்தது. முதன்முறை செய்பவருக்கு ஏற்ற அளவு: ஆலிவ் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 70, தண்ணீர் 150. எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. கரைசல் 40 டிகிரி அளவுக்கு ஆறியதும் எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். கரண்டியிலிருந்து வழியும் கலவை மேற்பரப்பில் உடனே கரையாமல் கோடாக நின்றால் அச்சில் ஊற்றும் பதம். ஓரிரு நாளில் துண்டு போட்டு, காற்றோட்டமான இடத்தில் 6 வாரம் உலர்த்த வேண்டும்.

100 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 18 கிராம் சோடா தேவை; ஆலிவுக்கு 13.5 கிராம்தான். எனவே எண்ணெயை மாற்றும்போதெல்லாம் சோடாவின் அளவையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். மிஞ்சும் சோடா தோலைப் புண்ணாக்கும்.