காது கருவியும் அரிப்பும்

அரசு கொடுத்த காது கேட்கும் கருவியை மாட்டிய ஒரு மணி நேரத்திலேயே காது அரிக்கிறது என்று தந்தை கழற்றிவிடுகிறார். என்ன செய்வது? – வாசகர், காரிமங்கலம்

அரிப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது கருவியன்று, அதன் ஒலியைக் காதுக்குள் கொண்டுசெல்லும் அச்சுதான். செவித்துளையை அடைத்து நிற்கும் அந்த பிளாஸ்டிக் பகுதி, தருமபுரி மாவட்டத்துக் கோடையில் வியர்வையை வெளியேற விடாமல் தேக்குவதால், உள்தோல் ஊறி அரிக்கத் தொடங்குகிறது. ஆகவே இரவில் கருவியைக் கழற்றியதும் அச்சை உலர்ந்த துணியால் துடைப்பதும், வாரம் ஒருமுறை அச்சை மட்டும் பிரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, அதன் குழாயில் தங்கிய நீரை ஊதி நீக்கி, விடியும்வரை உலரவிடுவதும் முதல் வேலை. ஸ்பிரிட் வேண்டாம்; அது தோலை மேலும் வறளச் செய்யும்.

சுத்தம் செய்தும் அரிப்பு நீடித்தால், அச்சின் அக்ரிலிக் தோலுக்கு ஒவ்வாமல் இருக்கலாம் என்பதால், செவித்திறன் வல்லுநரிடம் (ஆடியாலஜிஸ்ட்) சிலிகான் அச்சும், காற்று புகுவதற்கான சிறு துளையும் கேட்டுப் பெறலாம். ஒரே இடம் சிவந்து வலிப்பது அளவு பொருந்தாமையின் அடையாளம். அவ்விடத்தில் உறுத்தும் அச்சின் பகுதியை வல்லுநரே தேய்த்துச் சரிசெய்துவிடுவார்.

கோழி இறகு, ஊக்கு, காய்ச்சிய எண்ணெய் ஆகியவற்றைக் காதுக்குள் விடவே கூடாது. அரிப்பைத் தணிப்பதாகத் தோன்றும் இவை, குரும்பி எனப்படும் காது மெழுகை உள்ளே தள்ளியும் தோலைக் கீறியும் பூஞ்சைத் தொற்றுக்கு வழிவிடுகின்றன. நீர் வடிந்தாலோ நாற்றம் வந்தாலோ கருவியை நிறுத்திவிட்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குத் தந்தையை அழைத்துச் செல்லவும். தொற்று ஆறியபின் நாளுக்கு ஒரு மணி நேரத்தில் தொடங்கி, அணியும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.