பதில் வராவிட்டால் சம்மதம்

"பத்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தங்கள் சம்மதமாகக் கருதப்படும்."

எங்கள் குடியிருப்போர் சங்கம் 2024 பிப்ரவரியில் வீடுவீடாகக் கொடுத்த சுற்றறிக்கையில் கடைசிக்கு முந்தைய வரியின் தமிழாக்கம் இது. ஒரே வளாகத்தில் இருக்கும் இரண்டு சங்கங்களை ஒன்றாக்கலாமா என்று கேட்பதற்காக எழுதிய அறிக்கை. இந்த ஒரு வரியால் ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை மேலும் பதினொரு மாதம் இழுத்தது. கீழே செயலாளர் என்ற முத்திரை, அதன்மேல் நீல மையில் என் கையெழுத்து. இரண்டு சங்கத்தைச் சேர்க்கும் யோசனை உங்கள் வளாகத்திலும் ஓடிக்கொண்டிருந்தால், சுற்றறிக்கை அச்சுக்குப் போவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

வேளச்சேரியைத் தாண்டி, பள்ளிக்கரணை பக்கம் இருக்கிறது எங்கள் வளாகம். பில்டர் முதலில் 36 வீடு கட்டி விற்றார். ஆறு வருடம் கழித்து அதே மனையின் பின்பாதியில் 60 வீடு கட்டினார். முதலில் வந்த நாங்கள் ஒரு சங்கம், பின்னால் வந்தவர்கள் ஒரு சங்கம். நடுவில் இடுப்பளவு மதில், அதில் பூட்டுப் போட்ட ஒரு இரும்புக் கேட். உள்சாலை, டிரான்ஸ்பார்மர், மழைநீர் வடிகால் மூன்றும் பொது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே தண்ணீர் லாரிக்குத் தவம் கிடந்தபோது, ஒரே வாசலில் இரண்டு சங்கத்துக்கும் தனித்தனி லாரி வந்து நிற்கும். இரண்டு விலை வேறு.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பின்பக்கத்தாரின் பேஸ்மென்டில் கார்கள் மூழ்கின. எங்கிருந்தோ டீசல் மோட்டார் கொண்டுவந்து தண்ணீரை இறைத்தார்கள். குழாயை மதிலுக்கு மேலே போட்டு எங்கள் பக்கம் விட்டார்கள். எங்கள் தரைத்தளத்தில் நாலு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. இருட்டில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வடிகால் வாய் எங்கள் பக்கம், மோட்டார் அவர்கள் பக்கம். கேட்டைத் திறந்து குழாயை நாற்பதடி இழுத்திருந்தால் ஒரு வீடும் நனைந்திருக்காது. சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து இரண்டு சங்கத் தலைவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரே சங்கமாக இருந்தால் நல்லது என்று முடிவானது. அந்த முடிவு சரி. இன்றும் அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமில்லை. கேட்ட விதம்தான் தப்பு.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வெளிச்சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டு ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தோம். கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பழைய கோப்பைத் திறந்து, மேலே விஷயத்தை மட்டும் மாற்றினேன். எங்கள் 36 வீட்டில் பன்னிரண்டு வீட்டுச் சொந்தக்காரர்கள் வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள். எதற்கும் பதில் போட மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் அன்று அந்த வரியைச் சேர்த்தோம். கிரீமா சாம்பலா என்பதற்கு அது பரவாயில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று முறை படித்துப் பார்த்தேன். அந்த வரி கண்ணில் பட்டது. தெரிந்தேதான் விட்டேன். எதிர்ச் சங்கத்தாரிடம், எங்களில் 36க்கு 34 பேர் சம்மதம் என்று காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. சட்டப்படி அந்த வரிக்கு ஒரு மதிப்பும் கிடையாது என்பதும் தெரியும். எங்கள் இரண்டு சங்கமும் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானவை. இம்மாதிரி முடிவுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, பொதுக்குழுவைக் கூட்டி, வந்து வாக்களித்தவர்களில் நாலில் மூன்று பங்கு பேர் ஆதரிக்க வேண்டும். வீட்டில் சும்மா இருந்தவர் அந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் வர மாட்டார். ஆக, அந்த வரியால் ஒரு ஓட்டுகூட அதிகமாகாது. இழப்பதற்கு மட்டும் நிறைய இருந்தது.

பதினோராம் நாள் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். பதில் கொடுத்தவர்களுக்குப் பேனாவில் டிக். கொடுக்காதவர்களுக்குப் பென்சிலில் டிக். முதல் மாடியில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா இருக்கிறார். எங்கள் சங்கம் ஆரம்பித்தபோது அவர் வீட்டுக்காரர்தான் பொருளாளர். மாதம் நூறு இருநூறு என்று சேர்த்து சங்கத்துக்கு வைப்புநிதி உண்டாக்கியவர் அவர். அவர் இறந்து ஐந்து வருடமாகிறது. டீச்சரம்மா கோயம்புத்தூரில் மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு அன்று காலைதான் வந்திருந்தார். சுற்றறிக்கை கதவிடுக்கில் அப்படியே கிடந்தது. காப்பி கொடுத்தார். என் மடியில் இருந்த பட்டியலை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். தன் பெயரில் விரல் நின்றது. பென்சில் டிக்.

"இது என்னம்மா?"

விளக்கினேன். சுற்றறிக்கையை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். காட்டியே இருக்கக் கூடாது.

"ஏம்மா, நான் பேசலேன்னா நான் செத்துப்போயிட்டேன்னு கணக்கா?"

பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு பேசவில்லை. பாதி காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் முன்னாள் பொருளாளர் ஒருவர் அந்த வரியை மட்டும் போட்டோ எடுத்து, மஞ்சள் கோடு போட்டு, வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் முன்னதாகவே வரைவை அவர் கையில் கொடுத்திருந்தேன். "எல்லாம் சரிதான், அனுப்புங்க" என்றார். அந்த வரி அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. படிக்கவில்லையா, படித்துவிட்டுக் காத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. அதனால் ஒன்று செய்யுங்கள். வரைவைப் படித்துப் பார்க்கிறவர்களிடம் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி நான் பட்டது போதும்.

முதல் பொதுக்குழு மார்ச்சில் நடந்தது. 29 பேர் வந்தார்கள், 22 ஓட்டு வேண்டும், 17தான் விழுந்தது. எதிர்த்துப் போட்டவர்களில் பலருக்கு இணைப்பு மேல் கோபம் இல்லை. ஒருவர் வாசலில் என்னிடமே சொன்னார்: "சேர்றதுல தப்பில்ல மேடம், எங்களைக் கேக்காமலே சேத்துட்டீங்களோன்னுதான்."

இரண்டாம் சுற்றுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். 36 வீட்டுக்கும் ஆளுக்கொரு பக்கம். சம்மதமா என்று கேட்கவே இல்லை. "இது நடந்தா உங்களுக்கு என்ன பயம்?" என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன். ஞாயிறு காலை ஒரு முறை, வார நாளில் மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை போக வேண்டும். ஞாயிறன்று ஆண்கள் பேசுவார்கள். மூன்று மணிக்குப் பெண்கள் பேசுவார்கள், அதுவும் வேறு பேச்சாக இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டுக் கிடையாது, ஆனாலும் கேளுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று சொந்தக்காரரைவிட அவர்களுக்குத்தான் தெரியும். எதிர்ச் சங்க ஆள் யாரையும் முதல் தடவை கூட அழைத்துப் போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைக்கவே வைக்காதீர்கள். யார் எதற்குப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், பிறகு யாரும் மனம் மாற மாட்டார்கள். எங்கள் முதல் சுற்றறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, அதுவும் தப்பு. இரண்டாவதைத் தமிழில், பெரிய எழுத்தில் அடித்தோம்.

நோட்டு நிறைந்தபோது பார்த்தால் பயங்கள் நாலைந்துக்கு மேல் இல்லை. அதிகம் பேர் சொன்னது யூடிஎஸ். சங்கம் சேர்ந்தால் நம் நிலப் பங்கு குறைந்துவிடும் என்று பதினான்கு வீட்டில் சொன்னார்கள். பிரிக்கப்படாத நிலப் பங்கு அவரவர் கிரயப் பத்திரத்தில் பதிவானது, சங்கம் அதில் கைவைக்க முடியாது. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்கள் பத்திரத்தையே எடுத்துவரச் சொல்லி, சொத்து விவரப் பக்கத்தில் அந்தச் சதுர அடியைக் காட்டினேன். அடுத்தது ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் வருட வசூல் 20 லட்சத்தைத் தாண்டும், 18 சதவீத வரி விழும் என்று யாரோ கிளப்பியிருந்தார்கள். ஒரு வீட்டின் மாதப் பராமரிப்புக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே வரும். எங்களுடையது 2,400, அவர்களுடையது சதுர அடிக்கு மூன்றரை ரூபாய். ஆடிட்டரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம், அதோடு அடங்கியது.

வைப்புநிதி நியாயமான கேள்வி. எங்களிடம் 27 லட்சம், வீட்டுக்கு 75,000. அவர்களிடம் 21 லட்சம், வீட்டுக்கு 35,000. இதை முதல் சுற்றறிக்கையில் போடவில்லை. போட்டால் நம்மவர்கள் பின்வாங்குவார்கள் என்று கமிட்டியில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். மறைத்த கணக்கு எப்படியும் வெளியே வரும், வரும்போது இரண்டு மடங்காக வரும். இரண்டாவது அறிக்கையில் முதல் பக்கத்திலேயே இரண்டு தொகையையும் போட்டோம். எங்கள் 27 லட்சம் ஐந்து வருடத்துக்குத் தனி வைப்பாக, எங்கள் கட்டட வேலைக்கு மட்டும் என்று எழுதினோம்.

எனக்குத் தோன்றவே தோன்றாத பயம் மூன்றாம் மாடியிலிருந்து வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். நான் மூன்றாவது தடவை போனபோது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தார். 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்ட வழி இருக்கிறது. "சேர்ந்தா 96 வீடு. மூணுல ரெண்டு பங்கு 64. அவங்க 60 பேரு. நம்மள்ல நாலு பேர் போதும்மா. அமெரிக்காவுல இருக்கற நாலு பேர்." பழைய கட்டடம் எங்களுடையது. இடிக்கிற பேச்சு வந்தால் முதலில் எங்கள் கட்டடம்தான். வக்கீலிடம் அந்தத் தாளையே கொண்டுபோனேன். ஒரு பிளாக்கை இடிப்பது, பெரிய பழுது பார்ப்பது எதுவானாலும் அந்த பிளாக்கின் உரிமையாளர்களுடைய மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் தனியாக வேண்டும் என்று புது விதிமுறையில் சேர்த்தோம். பின்பக்கத்தார் இரண்டு கூட்டம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டார்கள். இந்த ஒரு விதிக்காகவே பலர் பக்கம் மாறினார்கள். முதல் சுற்றிலேயே நான் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தால் அந்தத் தாள் 2024 பிப்ரவரியிலேயே கைக்கு வந்திருக்கும்.

மற்றதெல்லாம் நடைமுறை. நோட்டீஸ், கூட்டம், இரண்டு பக்கமும் தீர்மானம், தணிக்கைக் கணக்கு, மாவட்டப் பதிவாளர் அலுவலகம். அலைச்சல்தான், புரியாதது ஒன்றுமில்லை. இரண்டாம் பொதுக்குழு 2025 பிப்ரவரியில். 33 பேர் வந்தார்கள், 25 வேண்டும், 27 விழுந்தது. பின்பக்கத்தாருக்கு முதல் தடவையே ஆகிவிட்டது. இன்று இரும்புக் கேட்டில் பூட்டு இல்லை. மோட்டார், குழாய், சாவிக்கொத்து எல்லாம் காவலாளி அறையில் ஒரே அலமாரியில் இருக்கின்றன. எங்கே என்ன இருக்கிறது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

முன்னாள் பொருளாளர் இப்போது புதுச் சங்கத்தின் கமிட்டியில் இருக்கிறார். இணைப்பு தன் முயற்சி என்று பின்பக்கத்தாரிடம் சொல்லிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நாற்பது பக்க நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன்.

டீச்சரம்மா இரண்டாவது கூட்டத்துக்கு வந்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டதாக அவரே எழுந்து சொல்லி, அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன். மன்னிப்புக் கேட்க அதற்கு முன்னால் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார், அந்த விஷயத்தை மட்டும் பேச விடமாட்டார். சுற்றறிக்கைகளை இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறோம், அதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது. போன வாரம் மேல்தொட்டி கழுவுகிறோம், காலை பத்திலிருந்து ஒன்று வரை தண்ணீர் வராது என்று ஒரு நோட்டீஸ். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே, கரும்பலகையில் எழுதிப் பழகிய அந்த அழகான கையெழுத்தில் இருந்தது: "பெற்றுக்கொண்டேன். சம்மதம் அல்ல."