மிளகாயின் மீது விழும் வீண்பழி

வல்லக்கோட்டையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில், 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கி, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்ட பின், கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் அலுவல் நிமித்தம் வந்து செல்வது வாடிக்கையாகிவிட்டது. அவர்களுடைய சாப்பாட்டைப் பற்றிய சில நம்பிக்கைகளும் அத்துடன் வேரூன்றிவிட்டன.

வெளிநாட்டவருக்குக் காரம் ஆகாது என்பது அவற்றுள் முதன்மையானது. ஜப்பானியர் பலருக்கு இது ஓரளவு பொருந்தலாம். மிளகாய்த்தூளில் புரட்டிப் புளிக்கவைத்த முட்டைக்கோசான கிம்ச்சியை அன்றாடம் உண்ணும் கொரியருக்குச் சற்றும் பொருந்தாது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அது, கிழக்காசியாவுக்கும் கடல்வழி வணிகத்தின் தொடர்ச்சியாகவே சென்றது என்பதால், காரத்துக்குத் தமிழர் தனியுரிமை கோர இடமில்லை.

வந்தவரின் வயிறு கெட்டால் சாம்பார்க் காரத்தைக் குறை சொல்வது அடுத்த வழக்கம். மிளகாயிலுள்ள கேப்சைசின் என்னும் காரப்பொருள் எரிச்சல் தரலாமே தவிர, தொற்றை உண்டாக்காது. புதிய ஊரின் நீராலும் உணவாலும் வரும் ‘பயணிகள் வயிற்றுப்போக்கு’க்குப் பெரும்பாலும் காரணம், நச்சு சுரக்கும் ஈ.கோலை வகைப் பாக்டீரியா போன்ற கிருமிகளே; அவை நன்கு கொதித்த உணவில் பிழைப்பதில்லை. இதை அறியாமல், விருந்தினரின் நலம் கருதி ஆவி பறக்கும் பொங்கலை விலக்கிவிட்டு, நறுக்கி வைத்த பழத்தையும் ஐஸ் கட்டி மிதக்கும் சாற்றையும் பரிமாறுவது, பாதுகாப்பானதை எடுத்துவிட்டு ஆபத்தை நீட்டுவதாகும். உபசாரத்தில் குறையில்லை, கணக்குதான் தலைகீழ்.

இட்லி அவர்களுக்கு முற்றிலும் அந்நியம் என்பாரும் உண்டு. வடிவிலும் சுவையிலும் அது உண்மையே. ஆனால் மாவைப் பொங்கச் செய்வதில் முக்கியப் பங்கு வகிக்கும் லியூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா, கிம்ச்சி புளிப்பதிலும் தொடக்க வேலையைச் செய்கிறது என்பதால், உளுந்துக்கும் முட்டைக்கோசுக்கும் இடையே நுண்ணுயிர் வழி உறவொன்று இருக்கவே செய்கிறது.

ஆகவே, ஆலை கேன்டீன் பொறுப்பாளர்கள் காரத்தின் அளவை விருந்தினரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது, பழம் எப்போது நறுக்கப்பட்டது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.