யாசகமும் சட்டமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொது இடத்தில் யாசகம் கேட்பதைத் தமிழ்நாட்டில் கட்டுப்படுத்தும் அடிப்படைச் சட்டம், 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக்காக எழுதப்பட்ட அது இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பாடி மேம்பாலத்தின் அடியில், ஆவடி ரயில் நிலையப் படிகளில், திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வாசலில் கையேந்தி நிற்பவர்களைப் பற்றி வண்டியோட்டிகளும் கடைக்காரர்களும் பேசிக்கொள்வதற்கும் அந்தச் சட்டம் சொல்வதற்கும் இடைவெளி அதிகம். பேச்சில் பாதி உண்மையும் கலந்திருக்கிறது. உயிரைப் பறித்த பொய்களும் அதில் உண்டு.

“இதற்கெல்லாம் விதி போடுவது மாநகராட்சிதான்” என்பது பரவலான முதல் எண்ணம். அமெரிக்காவில் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு நகரமும் தனக்கென விதி வகுக்கும். பேச்சுரிமையைச் சுட்டி அவற்றில் பலவற்றை நீதிமன்றங்கள் ரத்துசெய்தும் இருக்கின்றன. இந்தியாவில் வீடின்றி அலைந்து திரிவோர் பற்றிய பொருள் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில், 15ஆவது பதிவாக இருக்கிறது. நாடு முழுவதற்கும் பொருந்தும் மத்தியச் சட்டம் எதுவும் இதற்கு இல்லை. 2016இல் எழுதப்பட்ட ஒரு மாதிரி மசோதாவும் கிடப்பில் போடப்பட்டது. ஆகவே மாநிலச் சட்டமே நிற்கிறது. ஆவடி மாநகராட்சிக்கும் பூந்தமல்லி நகராட்சிக்கும் இதில் உள்ள முக்கியப் பொறுப்பு, வீடற்றோருக்கான இரவுத் தங்குமிடம் போன்ற ஏற்பாடுகள். அம்பத்தூரின் நிலை இன்னும் சிக்கலானது. அது 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். 2018 முதல் வருவாய்க் கணக்கில் சென்னை மாவட்டம். காவலுக்கோ 2022இல் செயல்படத் தொடங்கிய ஆவடி ஆணையரகம். ஒரு முதியவர் அங்கே சாலையோரம் மயங்கிக் கிடந்தால் யாரிடம் சொல்வது என்று மக்கள் தடுமாறுவது இயல்பே.

“டெல்லி உயர் நீதிமன்றம் இந்தச் சட்டத்தையே ரத்துசெய்துவிட்டது” என்பது அடுத்தது. 2018 ஆகஸ்ட் 8 அன்று அந்த நீதிமன்றம் ரத்துசெய்தது, டெல்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த 1959ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டத்தின் பிரிவுகளை. பாட்டுப் பாடியோ, ஆடியோ, குறி சொல்லியோ காசு கேட்பதையும் பிச்சை என்றே எழுதிவைத்த சட்டம் அது. வேறு வழியில்லாமல் கையேந்துபவரைக் குற்றவாளியாக்குவது, கண்ணியத்தோடு வாழும் உரிமைக்கு எதிரானது என்பது தீர்ப்பின் சாரம். 2019இல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றமும் அங்கிருந்த சட்டத்தை நீக்கியது. 2021இல், கொரோனா காலத்தில் சாலைகளில் யாசகத்தைத் தடுக்கக் கோரி வந்த மனு உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றபோது, வறுமையினால் எழும் பிரச்சினையை மேட்டுக்குடிப் பார்வையில் அணுக முடியாது என்று நீதிபதிகள் கூறினர். இவற்றில் எதுவும் தமிழ்நாட்டின் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தானாக நீக்கிவிடவில்லை. அதைக் கேள்விக்குள்ளாக்க வலுவான வாதங்களை மட்டும் தந்திருக்கின்றன. எண்பது ஆண்டுப் பழைய சட்டத்தை இந்த வெளிச்சத்தில் திருத்தி எழுத வேண்டிய கடமை சட்டமன்றத்துக்கு உண்டு. அது தள்ளிப்போவது நியாயமாகாது.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் இருக்கிறது: “போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றி உள்ளே போட்டுவிடலாம்.” சட்டப்படி, பிடிபட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும், விசாரணைக்குப் பிறகே அரசு இல்லத்தில் தங்கவைக்க ஆணை வரும். அத்தகைய அரசு இல்லம் இந்தப் பகுதியிலேயே, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட மேல்பாக்கத்தில் இருக்கிறது. அதைச் சிறை என்றே நினைப்பவர்கள் பலர். 2000ஆவது ஆண்டில் டெல்லியின் லாம்பூர் இல்லத்தில் கெட்ட குடிநீரால் நோய் பரவி உயிர்கள் போயின. அதையொட்டி எழுந்த வழக்கில் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இவ்வகை இல்லங்கள் தண்டனைக்கூடங்களாக இயங்கக் கூடாது, அங்கு இருப்பவர்களுக்கு மருத்துவமும் சுகாதாரமும் தொழிற்பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமாக வழிகாட்டியது. மேல்பாக்கமும் அந்த அளவுகோலுக்கு உட்பட்டதே.

“பிச்சை போடுபவர் மேலும் வழக்கு” என்ற செய்தி 2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றியது. இந்தூரில் 2025 ஜனவரி 1 முதல் மாவட்ட நிர்வாகம் அப்படித் தடை விதித்தது உண்மை, போபாலும் பின்தொடர்ந்தது. அவை மாவட்ட எல்லைக்குள் மட்டும் செல்லும் நிர்வாக ஆணைகள். அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் பத்து ரூபாய் கொடுப்பவர் தமிழ்நாட்டுச் சட்டப்படி எந்தக் குற்றமும் செய்யவில்லை. ரயிலுக்கு மட்டும் தனிச் சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 144ஆவது பிரிவின்படி, பெட்டியிலும் நிலையத்திலும் யாசகத்துக்கு இடமில்லை. கேட்பவரை ரயில்வே ஊழியர் வெளியேற்றலாம்.

அதிகக் கேடு விளைவித்தது குழந்தைகளைப் பற்றிய நம்பிக்கைகள்தான். “கையில் குழந்தையோடு நிற்பவள் எல்லாம் பிள்ளை பிடிப்பவள்” என்ற சந்தேகம் 2018இல் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்தியாகக் கிளம்பியது. அந்த ஆண்டு மே மாதம் ஆவடியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில், வீடின்றி அலைந்துகொண்டிருந்த ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக உயிரிழந்தார். இருவரும் யாருடைய பிள்ளையையும் தூக்கியவர்கள் அல்லர்.

குழந்தையை வைத்துப் பிழைக்கும் கும்பல்கள் இல்லாமலும் இல்லை. அவற்றுக்கு எதிரான சட்டம் மிகக் கடுமையானது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 76ஆவது பிரிவின்படி, குழந்தையைப் பிச்சைக்கு அனுப்புபவருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அதற்காக உறுப்பைச் சிதைத்தால் சிறைத் தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 139ஆவது பிரிவு, பிச்சைக்காகக் குழந்தையைக் கடத்துவதற்குக் குறைந்தது பத்தாண்டு, ஊனப்படுத்துவதற்குக் குறைந்தது இருபதாண்டு என்று வைத்திருக்கிறது. குழந்தையோ எந்த நிலையிலும் குற்றவாளி ஆகாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே சட்டம் அதைக் கருதுகிறது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். சந்தேகம் வந்தவர் செய்ய வேண்டியது 1098க்கு அழைப்பது. வீடியோ எடுத்துப் பரப்பினால் அதே குழந்தையின் முகமும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

“கோடீஸ்வரப் பிச்சைக்காரர்கள்” பற்றிய செய்தி எப்போதாவது ஒன்று வரும், வருடக்கணக்கில் பேசப்படும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியா முழுவதும் 4,13,670 பேரைப் பிச்சையெடுப்போர், அலைந்து திரிவோர் என்று பதிந்தது. தமிழ்நாட்டில் 6,814 பேர். வீடில்லாதவர்களை எண்ணுவது கடினம் என்பதால் உண்மைத் தொகை கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் சில பேரின் மூட்டையில் கிடைத்த பணத்தை வைத்து அத்தனை பேரின் வாழ்வையும் அளப்பது தவறு. 2006இல் ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒருவர் கையேந்துவது சோம்பலாலா, போதைப் பழக்கத்தாலா, யாரோ மிரட்டி ஏவுவதாலா, பசியாலா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னது. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தண்டிப்பது நீதியாகாது.

கடைகடையாகக் காசு கேட்கும் திருநங்கைகள் பற்றி, “அவர்களுக்கென்று தனித் தடைச் சட்டம் வந்துவிட்டது” என்று சொல்வோர் உண்டு. 2018இல் மக்களவையில் நிறைவேறிய மசோதாவில், திருநர்களைப் பிச்சைக்குத் தூண்டுவது குற்றம் என்ற வரி இருந்தது. எதிர்ப்புக்குப் பின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம்தான். அது எல்லோருக்கும் பொதுவான சட்டம்.

“தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிபவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது” என்பதும் சரியில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100ஆவது பிரிவு, அப்படி அலைபவரைத் தன் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசேர்க்கும் கடமையைக் காவல் அதிகாரியிடம் ஒப்படைக்கிறது. அவரைக் காவல் நிலைய அறையில் அடைத்துவைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில், வீடின்றி அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக 1993இல் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, அவர்களில் பலரைச் சிகிச்சைக்குப் பின் குடும்பத்தோடு சேர்த்திருக்கிறது. சென்னைப் பெருநகரக் காவல்துறையும் 2021இல் ‘காவல் கரங்கள்’ என்ற மீட்புப் பணியைத் தொடங்கியது.

கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களில், பெற்ற பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்கள் உண்டு. “அது அவர்கள் குடும்ப விவகாரம்” என்று அக்கம்பக்கத்தார் விட்டுவிடுகிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அதைக் குடும்பத்துக்குள் விடவில்லை. மூத்த குடிமகனைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் அவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். முதியவரால் எழுத முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரணையைத் தொடங்கலாம். வழி கேட்க, முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது.