வருமுன் காத்த நகரம்

நாட்டை ஆள்வோர்க்குப் பிணி, பொருள்முடை, பகை என்னும் மூன்றும் அடுத்தடுத்து வந்து நேருமாயின், அவர்தம் அறிவும் நெஞ்சுரமும் அப்பொழுதே உலகிற்கு விளங்கும். அவற்றுள் ஒன்றைத் தீர்க்கப் புகுந்தால் மற்றொன்று வளர்தல் உண்டு. நோய்க்கு அஞ்சித் துறைமுகத்தை அடைத்தால், வாணிகம் நின்று மக்கள் பசியால் வாடுவர். பசிக்கு அஞ்சி அதனைத் திறந்துவிட்டால், கலத்தோடு நோயும் வந்து புகும். வலியான் ஒருவனோடு நட்புச் செய்தால், மற்றொரு வலியான் சினங்கொள்வான். இத்தகைய இடர்களுக்கு இடையே 450 ஆண்டுகள் தன்னாட்சி குன்றாது வாழ்ந்த சிறு குடியரசு ஒன்று ஐரோப்பாவில் இருந்தது. ரகூசா என்பது அதன் பெயர். இக்காலத்தில் குரோஷிய நாட்டில் துப்ரோவ்னிக் என வழங்கும் நகரமே அது.

நகரின் நிலை

ஏட்ரியாட்டிக் கடலின் கீழைக்கரையில், கடலுக்குள் நீண்ட பாறை ஒன்றின்மேல் ரகூசா அமைந்திருந்தது. முன்னே கடல், பின்னே செங்குத்தான கல்மலை. உழுது பயிரிடுதற்கு ஏற்ற நிலம் மிகச் சிறிதே. ஆகலின், நகர மக்கள் உண்ணும் கூலத்தில் பெரும்பகுதி தென் இத்தாலியிலிருந்தும் சிசிலித் தீவிலிருந்தும் கலங்களில் வந்தது. மலைக்கு அப்பால் இருந்த போஸ்னியா, செர்பியா ஆகிய நாடுகளின் சுரங்கங்களிலிருந்து வெள்ளியும் ஈயமும் வந்தன. மெழுகும் தோலும் வந்தன. பொதிக்குதிரைச் சாத்துகள் அவற்றை மலைவழியே கொணர்ந்து நகரில் சேர்த்தன. ரகூசா வணிகர் அவற்றைக் கலமேற்றி இத்தாலிய நகரங்களில் விற்று, துணி முதலியன வாங்கி மீண்டனர். 1333-ஆம் ஆண்டில் ஸ்டோன் என்னும் ஊர் அவர் கைக்கு வந்தபின், அவ்வூர் உப்பளங்களின் உப்பும் உள்நாடுகளுக்குச் சென்று வருவாய் தந்தது. இங்ஙனம் அந்நகரின் உயிர் முழுவதும் அதன் இரு வாயில்களில் நின்றது. ஒன்று கடல் வாயில்; மற்றொன்று மலை வாயில்.

1205 முதல் வெனிஸ் நகரின் மேலாட்சியில் இருந்த ரகூசா, 1358-இல் அதனின்றும் நீங்கி, அங்கேரி மன்னரைத் தலைவராக ஏற்றது. அவர்க்கு ஆண்டுதோறும் திறை செலுத்தியதன்றி, மற்ற எல்லாவற்றிலும் நகரத்தார் தம்மைத் தாமே ஆண்டனர். உயர்குடியினர் அமர்ந்த பெருமன்றமே சட்டம் இயற்றும் உரிமை உடையது. பொதுமக்களுக்கு அம்மன்றத்தில் இடமில்லை. இஃது அவ்வாட்சியின் குறையே. ஆயினும், தனியொருவர் கையில் அதிகாரம் சேராதவாறு அவர்கள் விழிப்பாய் இருந்தனர். நகரத் தலைவரின் பதவிக்காலம் ஒரே திங்கள். அத்திங்கள் முழுவதும் அவர் அரசு மாளிகையிலேயே தங்குதல் வேண்டும். அரசு அலுவல் குறித்தன்றி வெளியே செல்லலாகாது. சொந்தக் காரியங்களை மறந்து பொதுக் காரியங்களைப் பேணுக என்னும் கருத்தமைந்த இலத்தீன் தொடர் ஒன்று பெருமன்ற வாயிலின்மேல் பொறிக்கப்பட்டிருந்தது.

கொள்ளைநோய்

1348-ஆம் ஆண்டில் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் ரகூசாவில் புகுந்து எண்ணிறந்தோரை மாய்த்தது. அதன் பின்னரும் அந்நோய் ஐரோப்பாவை விட்டு அகலவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. அதன் காரணத்தை அக்காலத்தார் எவரும் அறியார். காற்றுக் கெட்டதனால் நோய் வந்தது என்றனர் சிலர். இறைவனின் சினம் என்றனர் வேறு சிலர். நோய்க்கு முதலான நுண்ணுயிரை யெர்சின் என்னும் அறிஞர் ஆங்காங்கில் கண்டறிந்தது 1894-இல்தான். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி அதனைப் பரப்புகிறது என்பது அதற்கும் பின்னரே விளங்கியது.

காரணம் அறியாத நிலையில் ஆள்வோர் செய்யக்கூடியது யாது? மிலான் நகரின் தலைவர் 1374-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்றவரை நகருக்கு வெளியே வயல்வெளிக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அவர் அங்கே பிழைப்பினும் பிழைக்கட்டும், இறப்பினும் இறக்கட்டும் என்பது அவ்வாணை. அச்சம் மிகுந்தவிடத்து அருள் குறையும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

ரகூசா பெருமன்றம் வேறு வழி ஒன்றைக் கண்டது. 1377-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள் மன்றம் கூடியது. உறுப்பினர் 47 பேர் வந்திருந்தனர். நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர், தம் நகரத்தாராயினும் அயலாராயினும், மிர்கான் என்னும் சிறு தீவிலோ சவ்தாத் என்னும் பழைய ஊரிலோ ஒரு திங்கள் தங்கியிருந்த பின்னரே ரகூசாவினுள்ளும் அதன் எல்லையுள்ளும் புகலாம் என்று 34 பேர் இசைவுடன் சட்டம் செய்தனர். அங்கே தங்கியிருப்போரிடம் நகரத்தார் எவரும் செல்லலாகாது. மீறிச் சென்றவர் அவ்விடத்திலேயே ஒரு திங்கள் தங்கவேண்டும் என்னும் விதிக்கு 44 பேர் இசைந்தனர். உணவும் பிற பொருளும் கொண்டு செல்வோர் அதற்கென அமைந்த அலுவலரின் ஒப்புதல் பெற்றே செல்லுதல் வேண்டும். இவ்விதிகளை மீறுவோர் 50 பெர்ப்பர் தண்டம் செலுத்தவேண்டும் என்பதற்கு 29 பேரே இசைந்தனர்.

இவ்வெண்கள் நின்று நோக்கத்தக்கன. நோயிடத்திலிருந்து வந்தவரை அணுகாதே என்பதற்கு ஏறத்தாழ எல்லோரும் உடன்பட்டனர். வருவோரை ஒரு திங்கள் நிறுத்துக என்றபொழுது இசைந்தோர் தொகை குறைந்தது. பொருள் தண்டம் என்றபொழுது அது மேலும் குறைந்தது. மன்றத்தில் இருந்த உயர்குடியினரிற் பலர் வாணிகத்தால் வாழ்ந்தவர். ஒரு கலம் ஒரு திங்கள் நின்றால், தங்கள் முதல் முடங்கும். பொருளின் விலை மாறும். கடனுக்கு வட்டி ஏறும். எனினும், தங்கள் பணப்பைக்கு இழப்புத் தரும் சட்டத்தைத் தாங்களே இயற்றிக்கொண்டனர். தம்மவர்க்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்று வகுத்தாரல்லர். உலகில் தொற்றுநோய் குறித்து எழுந்த தடைக்காவல் சட்டங்களுள் இதுவே முதலாவது என்று வரலாற்றாசிரியர் கருதுவர்.

அச்சட்டத்தின் நுட்பம் எளியது. அது வாயிலை அடைக்கவுமில்லை, காவலின்றித் திறந்துவிடவுமில்லை. வாயிலின் முன்னே சிறிது இடத்தையும் சிறிது காலத்தையும் வைத்தது. நோய் உடையவராயின் அக்காலத்துள் அது வெளிப்பட்டுவிடும்; இல்லாதவராயின் அவர் அச்சமின்றி நகருள் புகலாம். வந்தவர் விரட்டப்படவில்லை, அவர்க்கு உணவு செல்ல வழியும் வகுக்கப்பட்டது. காரணம் அறியாத நோயையும் கூர்ந்து நோக்கிய நோக்கினாலேயே தடுக்க முயன்ற அறிவு அது.

முதற்காலத்தில் மிர்கான் வெறும் பாறைத் தீவாகவே இருந்தது. அங்கே தங்கியோர் வெயிலுக்கும் மழைக்கும் ஆற்றாது பெரிதும் வருந்தியிருப்பர். ஆகவே, ஆண்டுகள் செல்லச்செல்ல ஏற்பாடுகள் திருந்தின. 1397-இல் மில்ஜெட் தீவின் துறவியர் மடம் தங்குமிடமாக அமைக்கப்பட்டது. காவற்காலம் பின்னர்ப் பல துறைமுகங்களில் 40 நாள் ஆயிற்று. நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லினின்றே குவாரண்டைன் என்னும் பெயர் தோன்றியது. வெனிஸ் நகரம் 1423-இல் தீவு ஒன்றில் நோயாளர்க்கென்றே மருத்துவமனை நிறுவியது. ரகூசாவின் கீழை வாயிலருகே 17-ஆம் நூற்றாண்டில் முற்றுப்பெற்ற காவல் மனைகள் இன்றும் நிற்கின்றன.

நோய் வந்தபின் தடுத்தலோடு அந்நகரத்தார் அமையவில்லை. 1317 முதலே துறவியர் மடம் ஒன்றில் மருந்தகம் நடந்துவந்தது. 1436 முதல் 1438 வரை, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கால்வாய் அமைத்து நகருக்குள் நன்னீர் கொணர்ந்தனர்.

வாணிகத்திற்கு வந்த இடர்

நோயைப்போலவே மலை வாயிலில் மற்றோர் இடரும் வந்தது. ஒட்டோமானியத் துருக்கியர் பால்கன் நாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்றனர். 1459-இல் செர்பியாவும், 1463-இல் போஸ்னியாவும் அவர் வசமாயின. ரகூசாவின் செல்வத்திற்கு ஊற்றாக விளங்கிய சுரங்கங்களும் சாத்து வழிகளும் சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டன. எதிர்த்துப் போரிட அச்சிறு நகரிடம் படையில்லை. பணிந்து அடங்கினால் தன்னாட்சி போகும். துருக்கியரோடு வாணிகம் செய்தால் கிறித்துவ அரசர்கள் பழிப்பர்.

இங்கும் நகரத்தார் அடைத்தலுக்கும் திறத்தலுக்கும் இடைப்பட்ட வழியையே நாடினர். இடர் முற்றுதற்கு முன்னரே, 1433-இல், பேசல் நகரில் கூடிய திருச்சபைப் பேரவையினிடம் இசுலாமிய நாடுகளோடு வாணிகம் செய்ய ஒப்புதல் பெற்றுக்கொண்டனர். பின்னர்ச் சுல்தானிடம் தூது விடுத்து, 1442-இல் ஆண்டுக்கு 1,000 டூகாட்டுப் பொற்காசு தர உடன்பட்டனர். அத்தொகை படிப்படியாக ஏறி, 1481-இல் 12,500 ஆயிற்று. அதற்கு ஈடாக அவர் வணிகர் அப்பேரரசு முழுவதும் குறைந்த சுங்கத்தில் அச்சமின்றிச் சென்று வரும் உரிமை பெற்றனர். நகரினுள் துருக்கியப் படை புகவில்லை. சட்டமும் சமயமும் மாறவில்லை. 1570 முதல் 1573 வரை வெனிசும் துருக்கியரும் போரிட்டபொழுது, இருதிறத்தார்க்கும் நடுவே நின்ற ரகூசாவின் துறைமுகம் முன்னினும் செழித்தது.

திறை செலுத்தி வாழ்தல் பெருமையாகுமோ என ஐயுறுவார் உளர். அறம் பிழையாமல் மக்கள் உயிரும் உரிமையும் காத்தற்குப் பொன் கொடுத்தல் இழிவன்று. பொன்னைக் காத்தற்கு அவற்றைக் கொடுத்தலே இழிவு. அந்நகரத் தலைவர்கள் பொன்னை மட்டும் கொடுக்கவில்லை என்பதற்குப் பின்வரும் நிகழ்ச்சி சான்றாகும்.

தூதர் நிக்கோலா புனிச்

1667-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 6-ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் நேர்ந்து நகர் இடிந்தது. நகரத் தலைவரும் இறந்தார். எஞ்சியோர் இடிபாடுகளை அகற்றி வீடு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், துருக்கியப் பேரரசின் தலைமை அமைச்சரான காரா முசுதபா என்பார் நகரத்தார்மேல் குற்றம் சுமத்தி, அவர்களால் இறுக்க இயலாத பெருந்தொகையைக் கேட்டார். தூது செல்வோர் சிறைப்படுவர் என்பது ஐயமற விளங்கியது. அந்நிலையிலும் உயர்குடியினர் சிலர் தூது மேற்கொண்டனர். அவருள் ஒருவரே நிக்கோலா புனிச். அவர் சிலிஸ்ட்ராக் கோட்டையில் அடைக்கப்பட்டார். கேட்டதற்கு உடன்பட்டு நகரைக் கடனில் ஆழ்த்தாது, துன்பம் பொறுத்து 1678-இல் சிறையிலேயே உயிர் நீத்தார். 1683-இல் வியன்னா முற்றுகையில் தோற்ற காரா முசுதபா கொலைத்தண்டம் பெற்றபின் அவ்விடர் நீங்கியது. புனிச்சின் நினைவைக் குடியரசு கல்லிற் பொறித்துப் போற்றியது.

முடிவுரை

ரகூசாவின் காவல் என்றும் பிழையாது நின்றது என்று கூறுதல் உண்மையாகாது. 1526-ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் கொள்ளைநோய் நகரைக் கொடிதாகத் தாக்கியது. 1806-இல் பிரெஞ்சுப் படை நகருள் புகுந்தது; 1808-இல் குடியரசு கலைக்கப்பட்டது. ஆயினும், மிர்கான் தீவில் நடைமுறைக்கு வந்த வழக்கம் குடியரசோடு அழிந்துவிடவில்லை. தொற்றுநோய் தோன்றும்பொழுதெல்லாம் நாடுகள் அதனையே மேற்கொள்கின்றன. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபொழுது, உலகெங்கும் விமானத்திலும் கப்பலிலும் வந்தோர் குறித்த நாள் தனித்துத் தங்கியது அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே.

வருமுன் காத்தல் என்பது கதவை அடைத்துக்கொண்டு உள்ளே ஒடுங்குதலன்று. வருவதை அறிந்து, அதற்குரிய இடமும் காலமும் வகுத்து, அதனால் நேரும் இழப்பைத் தாமும் ஏற்றலே உண்மையான காவல். பிறர்க்கு விதிக்கும் கட்டுப்பாட்டிற்குத் தாமும் அடங்கி நிற்பவரே ஆள்வதற்கு உரியவர். ஒரு சிறு நகரத்தின் வரலாறு நமக்கு உணர்த்தும் நீதி இதுவே.

அருஞ்சொற்பொருள்

பொருள்முடை – பொருள் தட்டுப்பாடு
கூலம் – தானியம்
சாத்து – வணிகர் கூட்டம்
திங்கள் – மாதம்
திறை – கப்பம்
இறுத்தல் – செலுத்துதல்
தண்டம் – அபராதம்

வினாக்கள்

1. ரகூசா நகரின் வாழ்வு வாணிகத்தையே சார்ந்திருந்தமைக்குக் காரணங்கள் யாவை?
2. 1377-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளைத் தொகுத்து எழுதுக.
3. மிலான் தலைவரின் ஆணைக்கும் ரகூசா மன்றத்தின் சட்டத்திற்கும் உள்ள வேற்றுமை யாது?
4. நோயைத் தடுத்த முறைக்கும் துருக்கியரோடு ஒழுகிய முறைக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.